பறவை, மீன், ஆமை: பேரக்குழந்தையை உறங்கவைக்கும் மூன்று படிகள்

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் நாள்தோறும் நடைபெறும் வழிபாடுகளுள் மனத்தை மிகவும் உருக்குவது எது என்று கேட்டால், அடியார்கள் பலரும் பள்ளியறைப் பூஜை என்றே சொல்வார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் சொக்கநாதப் பெருமானின் பாதுகைகள் பல்லக்கில் எழுந்தருளி, சுவாமி சந்நிதியிலிருந்து அம்மன் சந்நிதியை வந்தடையும். ஓதுவார் பாடுவார்; நாகசுரம் இழையும்; பால் நிவேதனம் ஆகும்; தீபாராதனைக்குப் பின் திருக்கதவு சாத்தப்படும். மறுநாள் அதிகாலையில் திருவனந்தல் பூஜையோடு அடுத்த நாள் பிறக்கும்.

இந்த வழிபாட்டின் பெருமை அதன் மாறாத வரிசையில் இருக்கிறது. நேற்று முதலில் நிகழ்ந்தது இன்றும் முதலில் நிகழும். நேற்று இறுதியில் நிகழ்ந்தது இன்றும் இறுதியில் நிகழும். கூட்டம் மிகுந்த சித்திரைத் திருவிழாக் காலத்திலும், மழை பெய்யும் ஐப்பசி இரவிலும் ஒலியும் ஒளியும் படிப்படியாகக் குறைந்து அமைதியில் நிறைவு பெறும். இமையாத மீன்விழியாளுக்கே துயிலுக்கு ஒரு முறை வகுத்து வைத்தார்கள் நம் முன்னோர்.

அதே இரவு ஒன்பது மணிக்குக் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் என்ன நடக்கிறது? கைக்குழந்தை இருக்கும் வீடாயின், அப்பத்தா தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் நடக்கிறார். தாத்தா கிலுகிலுப்பையை ஆட்டுகிறார். தந்தை அலைபேசியில் பாட்டுப் போடுகிறார். தாய், நாளைய வேலையை எண்ணிக் கண்கலங்கி நிற்கிறாள். நேற்று எட்டரைக்கு உறங்கிய குழந்தை இன்று பதினொன்றாகியும் உறங்கவில்லை. உறங்கியதும் மெல்லப் பாயில் கிடத்தினால், முதுகு பாயைத் தொடுமுன் வீரிட்டு அழுகிறது.

இது சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு குடும்பத்தின் உடல்நலமே அடங்கியிருக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, பணிபுரியும் பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகள்வரை மகப்பேறு விடுப்பு 26 வாரம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது தாய் மீண்டும் பணிக்குச் செல்ல வேண்டும். அதன்பின் குழந்தையைத் தோளில் சுமப்பவர்கள் பெரும்பாலும் அறுபதைக் கடந்த நாம்தாம். முழங்கால் தேய்ந்தவரும், இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவரும் நள்ளிரவில் குழந்தையோடு நடந்து தடுமாறினால் என்ன ஆகும்? ஆகவே, குழந்தை தானே உறங்கப் பழகுவது அதற்கும் நல்லது, நமக்கும் நல்லது.

குழந்தையின் உறக்கம் எத்தகையது?

தானே உறங்குதல் என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். குழந்தையைத் தனி அறையில் பூட்டிவிட்டு, அழ அழ விட்டுவிட வேண்டுமோ என்று நினைக்கிறார்கள். அது அன்று. தாயின் பாய்க்குப் பக்கத்துப் பாயிலேயே குழந்தை இருக்கலாம். விழித்த நிலையில் கிடத்தப்பட்ட குழந்தை, யாரும் தூக்கி ஆட்டாமலே கண்ணயரப் பழகுவதுதான் தானே உறங்குதல்.

பிறந்த குழந்தைக்குப் பகலும் இரவும் ஒன்றே. இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்போதுதான், இருட்டினால் உறங்க வேண்டும் என்னும் கடிகாரம் அதன் உடலில் ஓடத் தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, முதல் 3 மாதங்களில் நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரமும், 4 மாதம் முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் உறக்கம் வேண்டும். பகல் துயிலும் இதில் அடங்கும்.

பெரியவர்களின் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆழத்திலிருந்து மேலே வந்து மீண்டும் ஆழும். குழந்தைக்கு இந்தச் சுற்று 50 முதல் 60 நிமிடமே. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அது சற்றே விழிக்கும். இது இயற்கை; நோயன்று. அந்த நொடியில் தான் உறங்கத் தொடங்கிய இடமும் இப்போது கிடக்கும் இடமும் ஒன்றாக இருந்தால், புரண்டு மீண்டும் கண்ணை மூடும்.

வைகை விரைவு ரயிலில் சன்னலோரம் சாய்ந்து கண்ணயர்ந்த ஒருவர், விழிக்கும்போது ஆளரவமற்ற நடைமேடையில் கிடந்தால் எப்படி இருக்கும்? அப்பத்தாவின் வெதுவெதுப்பான தோளில் உறங்கிப் பாயில் விழிக்கும் குழந்தைக்கு அப்படித்தான் இருக்கிறது. அதன் அழுகையில் பிடிவாதம் இல்லை, திகைப்பு இருக்கிறது.

எனவே நம் பணி, அந்தத் திகைப்பை நீக்குவது. அதற்கும் காலம் உண்டு. முதல் நான்கு மாதங்களில் குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம், மார்போடு அணைக்கலாம், அந்நாளில் எந்தப் பழக்கமும் கெட்டுவிடாது. ஆறு மாதத்தை நெருங்கும்போது மெதுவாகத் தொடங்குவதே நலம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை எனில் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இரவில் பசித்து அழுதால் பால் கொடுக்கத்தான் வேண்டும். தானே உறங்கப் பழக்குவது பாலை நிறுத்துவது ஆகாது.

தாலாட்டில் ஆடுவது எது?

தால் என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு என்று பெயர் வந்தது என்பர். தொட்டில் ஆடுவதைக் கொண்டு பெயர் வைக்காமல், நா ஆடுவதைக் கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தையை உறங்கவைக்கும் கருவிகளுள் தலையாயது தாயின் குரல் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது.

மதுரைக்கும் தாலாட்டுக்கும் உறவு நெடியது. கூடலழகர் திருக்கோயிலோடு நினைக்கப்படும் பெரியாழ்வார், தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனுக்குத் தாலாட்டுப் பத்துப் பாசுரங்கள் அருளினார். பெரியாழ்வார் திருமொழியில் தாலாட்டு மட்டுமா உண்டு? குழந்தையை நீராட அழைப்பதும், தலைவாருவதும், பூச்சூட்டுவதும், நிலவைக் காட்டுவதும் உண்டு. குழந்தையின் ஒரு நாள் எப்படி நகர வேண்டும் என்பதை அங்கே காணலாம்.

திருமலை நாயக்கர் காலத்தில் குமரகுருபர சுவாமிகள் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். ஐந்து வயது வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் அருளால் நாவசையப் பெற்றவர் அவர். மலயத்துவச பாண்டியன் செய்த வேள்வியில் அன்னை தடாதகை மூன்று வயதுப் பெண்ணாகவே தோன்றினாள் என்கிறது திருவிளையாடல் புராணம். அப்படியானால் காஞ்சனமாலைக்குத் தன் மகளைத் தொட்டிலில் இட்டுப் பாடும் பேறு வாய்க்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவந்தது போல அமைந்திருக்கிறது சுவாமிகளின் பிள்ளைத்தமிழ். அதில் காப்பு, செங்கீரை ஆகிய இரண்டு பருவங்களுக்குப் பின் மூன்றாவதாக வருவது தாலப்பருவம். அது குழந்தையின் ஏழாம் மாதத்தை ஒட்டியது என்பது மரபு. உறக்கப் பழக்கத்தைத் தொடங்க இன்றைய மருத்துவர்கள் சொல்லும் வயதும் ஏறத்தாழ அதுவே.

தொடுதல், நோக்குதல், நினைத்தல்

குருவானவர் சீடனுக்கு அருளும் தீட்சை வகைகளை விளக்கப் பெரியோர் மூன்று உவமைகள் சொல்வார்கள். பறவை முட்டையைத் தொட்டு அடைகாக்கிறது. அது பரிச தீட்சை. மீன் தன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கிறது. அது நயன தீட்சை. ஆமை கரையில் முட்டையிட்டுத் தொலைவில் இருந்தபடி நினைவாலேயே பொரிக்கிறது; அது மானச தீட்சை. அங்கயற்கண்ணியின் அருளை இந்த மீன் உவமையோடு சேர்த்துச் சொல்வது நம் வழக்கம்.

குழந்தையைத் தானே உறங்கப் பழக்குவதற்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை. முதலில் தொடுகை, பிறகு பார்வையும் குரலும், பிறகு அருகில் இருக்கிறோம் என்னும் நினைவு. மூன்றும் அன்பே. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாக நகர வேண்டும். பறவையாக இருந்தவர்கள் ஒரே இரவில் ஆமையாக முயல்வதால்தான் வீடு அழுகையால் நிறைகிறது.

முதலில் மாலை வரிசை

படிகளில் ஏறுமுன் பள்ளியறைப் பூஜை போன்ற ஒரு வரிசையை வீட்டில் நிலைநிறுத்த வேண்டும். அமெரிக்காவில் ஜோடி மிண்டெல் என்னும் உளவியல் அறிஞர் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 405 தாய்மாரும் அவர்தம் குழந்தைகளும் பங்குகொண்டனர். குளியல், உடல் நீவுதல், அமைதியாகக் கொஞ்சுதல், பின்னர் விளக்கணைத்தல் என்னும் வரிசையை இரண்டு வாரங்கள் ஒரே மாதிரி செய்தவர்களின் குழந்தைகள் விரைவில் உறங்கினர். இரவில் விழிப்பது குறைந்தது. தாயின் மனச்சோர்வும் தணிந்தது. யாரும் குழந்தையை அழவிடவில்லை. வரிசை ஒன்றே மருந்தாயிற்று.

நம் வீட்டுக்கு ஏற்ற வரிசையை இப்படி அமைக்கலாம். மாலை ஆறரைக்குப் பூஜையறையில் விளக்கேற்றும்போது குழந்தையை மடியில் வைத்துச் சுடரைக் காட்டுங்கள். ஏழு மணிக்கு மேல் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மதுரை வெயிலில் வேர்த்த உடம்பை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை அணிவியுங்கள். கை கால்களை இதமாக நீவுங்கள். தாய் பால் கொடுக்கட்டும். விளக்கைக் குறையுங்கள். ஒரே பாட்டைப் பாடுங்கள். அரை மணி முதல் முக்கால் மணி நேரத்திற்குள் இவை முடிய வேண்டும்.

பாட்டு எதுவாகவும் இருக்கலாம். அம்மாச்சி பாடிய ஊர்த் தாலாட்டு, ஒரு பாசுரம், முருகன் பாட்டு என எது உங்கள் நாவில் இயல்பாக வருமோ அது. நீலாம்பரி ராகம் தெரிந்தால் நன்று, தெரியாவிட்டால் குறையில்லை. குழந்தை இசைக் குற்றம் பார்ப்பதில்லை. ஆனால் நாளுக்கொரு பாட்டு வேண்டாம். அலைபேசிப் பாட்டும் வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் அதே 2019 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளிலும் பகுதிகளிலும் 29,287 குழந்தைகளைப் பற்றித் திரட்டப்பட்டு 2010இல் வெளியான தகவலின்படி, நியூசிலாந்துக் குழந்தைகள் சராசரியாக இரவு 7.28க்கும், ஹாங்காங் குழந்தைகள் 10.17க்கும் படுக்கைக்குச் செல்கின்றனர். ஆசிய நாடுகளில் பொதுவாகத் தாமதமே. வீட்டுப் பெரியவர்கள் உறங்கும்போது குழந்தையும் உறங்கட்டும் என்று நாம் விட்டுவிடுவது ஒரு காரணம். களைப்பு எல்லை மீறினால் குழந்தைக்கு உறக்கம் வராது, அழுகைதான் வரும். கண்ணைக் கசக்குதல், காதைப் பற்றி இழுத்தல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை தென்பட்ட உடனே வரிசையைத் தொடங்கிவிட வேண்டும்.

மூன்று படிகள்

வைகையின் வடகரையில் உள்ள எங்கள் வீட்டில் பேத்திக்கு ஏழாம் மாதம் நடந்தபோது, மகள் பணிக்குத் திரும்ப இருந்தாள். தூளி ஆடாவிட்டால் பேத்தி உறங்கமாட்டாள். என் மனைவிக்கோ முழங்கால் வலி. “அம்மா, உன் காலையும் பாரு, பிள்ளையை ஆட்டாமத் தூங்கப் பழக்குவோம்” என்றாள் மகள். “நான் ஆட்டித்தானே உன்னை வளர்த்தேன்? ஆட்டாமப் போடுறது பாவம்டி” என்றாள் என் மனைவி, குரல் தழுதழுத்தது. மறுவாரம் தடுப்பூசிக்குச் சென்றபோது குழந்தை மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் இருவரையும் சேர்த்து வைத்தது: “ஆட்டுறதை மட்டும் குறைங்கம்மா, பாட்டை நிறுத்த வேண்டாம்.” அன்று தொடங்கி நாங்கள் கைக்கொண்ட முறையே கீழே வருகிறது.

முதற்படி பறவை. வழக்கம்போல் தோளில் போட்டோ, தூளியில் இட்டோ ஆட்டலாம். ஆனால் குழந்தை முழுமையாக உறங்குமுன், இமை கனத்துச் சொக்கும் நிலையில் ஆட்டத்தை நிறுத்திப் பாயில் கிடத்த வேண்டும். கிடத்திய பிறகு உள்ளங்கையை மார்பில் வைத்து மெல்லத் தட்டிக்கொண்டே பாட வேண்டும். அழுது வீரிட்டால் தூக்கித் தேற்றி மறுபடி கிடத்தலாம். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் உதவும். அழும் குழந்தையை 5 நிமிடம் தூக்கிக்கொண்டு சீராக நடந்து, உறங்கிய பின் 5 முதல் 8 நிமிடம் அசையாமல் அமர்ந்திருந்துவிட்டுக் கிடத்தினால் விழிப்பது குறையும் என்று அவர்கள் கண்டனர். குழந்தையை விழிக்கச் செய்வது பாயின் தொடுகையன்று. நம் உடம்பு அதனைவிட்டுப் பிரியும் நொடியே என்றும் அறிந்தனர். ஆகவே மிகவும் அழுத இரவுகளில் இந்த முறையைக் கையாளலாம். மற்ற இரவுகளில் சொக்கும் நிலையிலேயே கிடத்திப் பழக்கலாம். கிடத்திய பின்னும் உள்ளங்கை மார்பில் இருக்கட்டும்.

நான்கைந்து இரவுகளுக்குப் பின் தட்டுவதைக் குறைத்துக் கையை வெறுமனே வைத்திருங்கள். பிறகு அந்தக் கை பாய் விளிம்புக்கு நகரட்டும்.

இரண்டாம் படி மீன். இப்போது கை இல்லை. கண்ணும் குரலும் உண்டு. பாய்க்கு அருகில் சுவரில் சாய்ந்தபடி வசதியாக அமர்ந்துகொள்ளுங்கள். தரையில் உட்கார இயலாதவர்கள் சிறு நாற்காலியில் அமரலாம். குழந்தை தலையைத் திருப்பினால் உங்கள் முகம் தெரிய வேண்டும். அதே பாட்டு, அதே தாழ்ந்த குரல். சிணுங்கினால் உடனே பாயாதீர்கள். இரண்டு மூன்று முறை மூச்சுவிடும் நேரம் பொறுங்கள். பல சமயம் அச்சிணுங்கல் உறக்கத்தின் முன்னோடியாகவே இருக்கும். அழுகையாக வளர்ந்தால் கையை வைத்துத் தேற்றுங்கள். அமைதியானதும் கையை எடுத்துவிடுங்கள். சில இரவுகள் சென்றதும் பாட்டை முனகலாகத் தாழ்த்துங்கள்.

மூன்றாம் படி ஆமை. இரண்டிரவுக்கு ஒருமுறை நாற்காலி ஒரு முழம் நகரட்டும். முதலில் பாயருகே, பிறகு அறை நடுவே, பிறகு வாசற்படியருகே. இறுதியில் பாட்டு முடிந்ததும் குழந்தையின் நெற்றியைத் தடவி விபூதியோ ஸ்ரீசூர்ணமோ லேசாக இட்டு, “மீனாட்சி துணை” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். குழந்தை அழைத்தால் குரல் கேட்கும் தொலைவில் நீங்கள் இருப்பீர்கள். அது குழந்தைக்கும் தெரியும். ஏனெனில் இத்தனை நாளும் அழைத்தபோதெல்லாம் வந்திருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் இதற்கு மூன்று வாரத்திற்குச் சற்று மேல் ஆயிற்று. இடையில் சளி பிடித்த நான்கு நாட்கள் மறுபடி முதற்படிக்கே வந்தோம். வங்கியில் நாள் முடிவில் கணக்கு நேராகாமல் எழுந்து வரும் வழக்கமில்லை. ஆனால் குழந்தையின் உறக்கக் கணக்கை ஒவ்வோர் இரவும் நேராக்க நினைக்கக் கூடாது. பல் முளைக்கும், தடுப்பூசி போடுவார்கள், திருவிழாவுக்கு உறவினர் வருவார்கள். ஒரு படி இறங்கினால் மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

அழவிடலாமா?

அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், அழுகை குழந்தைக்கு உடற்பயிற்சி என்னும் கருத்தைச் சொன்னார். 1985இல் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்டு ஃபெர்பர், சிறிது நேரம் அழவிட்டு, இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டித் தேற்றும் முறையைப் பரப்பினார். இன்று நம் பிள்ளைகள் அலைபேசியில் படித்துச் சொல்வது பெரும்பாலும் இந்த முறையின் சாயலே.

இதனால் குழந்தைக்குக் கேடு வருமோ என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆராய்ந்தார்கள். ஏழு மாதத்தில் உறங்க மறுத்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு இரண்டு முறைகளைக் கற்பித்தனர். ஒன்று இடைவெளி விட்டுத் தேற்றுவது. மற்றொன்று, குழந்தையின் அருகே அமர்ந்து நாற்காலியைச் சிறிது சிறிதாக விலக்குவது. ஆறு வயதில் அதே குழந்தைகளைப் பார்த்தபோது, மனநலத்திலோ பெற்றோரிடம் உள்ள பாசத்திலோ எந்தக் குறையும் இல்லை என்று 2012இல் அறிவித்தனர். ஆகவே பிள்ளைகள் முதல் முறையைத் தேர்ந்தெடுத்தால், குழந்தையைக் கொல்கிறார்கள் என்று நாம் கலங்க வேண்டியதில்லை. ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருக்களில், ஒரே கூடத்தில் நால்வர் படுக்கும் வீடுகளில், இரண்டாம் முறையே நம் இயல்புக்குப் பொருந்துகிறது.

காப்பு முதலில், தால் பிறகு

பிள்ளைத்தமிழில் காப்புப் பருவமே முதலில் வருகிறது. உறக்கத்திலும் காப்பே முதன்மை. நம் தலைமுறை அறியாத சில செய்திகளை இன்று மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது.

குழந்தையை மல்லாக்கக் கிடத்த வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் குப்புறக் கிடத்த வேண்டாம் என்று அறிவுறுத்திய பிறகு, உறக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் விகிதம் அந்நாட்டில் பாதிக்கும் மேல் குறைந்தது. படுக்கை சமமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பஞ்சு பொம்மை, கனத்த போர்வை எவையும் முகத்தருகே வேண்டாம். கொசுவலை நல்லது.

தூளி நம் பண்பாட்டின் செல்வம். உத்தரத்தில் பழைய சுங்குடிப் புடவையைக் கட்டி, அதில் அசைந்து வளர்ந்தவர்களே நாம் அனைவரும். ஆனால் தூளியில் இளங்குழந்தையின் முதுகு வளைந்து மோவாய் மார்பில் அழுந்தினால் மூச்சு தடைப்படலாம். உட்காரவும் எம்பவும் தொடங்கிய குழந்தை தவறி விழலாம். வீட்டில் ஓடியாடும் மூத்த குழந்தைகள் வெறும் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகிய துயரங்களும் நம் நாட்டில் நேர்ந்துள்ளன. எனவே விழித்திருக்கும் ஒருவரின் கண்பார்வையில், பகலில், சிறிது நேரம் தூளி ஆடட்டும். இரவு உறக்கம் பாயிலோ சமமான தொட்டிலிலோ இருக்கட்டும். ஆடாத வேளையில் தூளியைச் சுருட்டி உயரே முடிந்துவிடுங்கள்.

குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு நாற்காலியிலோ சோபாவிலோ நாமும் கண்ணயர்வது பேராபத்து. உறக்க மாத்திரை உட்கொள்ளும் முதியவர்கள் கைக்குழந்தையோடு ஒரே பாயில் படுக்கவே கூடாது.

உறங்கவைக்க எந்த மருந்தும் வேண்டாம். மிஸஸ் வின்ஸ்லோ என்னும் பெயரில் மேலைநாடுகளில் ஒரு காலத்தில் விற்ற குழந்தை மருந்தில் மார்ஃபின் இருந்தது. பம்பாய் ஆலைகளுக்கு வேலைக்குச் சென்ற தாய்மார் குழந்தைக்கு அபின் உருண்டை கொடுத்துப் படுக்கவைத்த கொடுமையும் நம் நாட்டில் நடந்தது. இன்று சளி மருந்தை உறக்கத்திற்காக ஊற்றுவதும் அந்த வழியைச் சேர்ந்ததே. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதையும் மருத்துவர்கள் ஏற்பதில்லை; ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். சாம்பிராணிப் புகையை நெருக்கமாகக் காட்டுவதும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. அந்த மணம் பூஜையறையில் இருக்கட்டும்.

குறட்டை, மூச்சு நின்று நின்று வருதல், எடை ஏறாமை, காய்ச்சல் இவற்றுள் ஏதேனும் தென்பட்டால் உறக்கப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தை உறங்கியபோதும் தாயால் உறங்க முடியவில்லை, காரணமின்றி அழுகிறாள், எதிலும் பிடிப்பில்லை என்றால், அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய். “நாங்களெல்லாம் வளர்க்கவில்லையா?” என்று அவளிடம் கேட்காதீர்கள்.

பெரியவர்களின் பங்கு

மருமகளோ மகளோ புதுமுறை ஒன்றைச் சொல்லும்போது, நம் முப்பதாண்டு அனுபவத்தைத் தள்ளிவிட்டதாக மனம் நோகிறது. நம் மறுப்பைக் கேட்கும்போது, தன் குழந்தைமீது தனக்கு உரிமையில்லையோ என்று அவள் மனமும் நோகிறது. நடுவில் குழந்தைக்கு ஒருவர் ஆட்டுவதும் மற்றவர் ஆட்டாததும் குழப்பமே தருகிறது. கோயிலில் அர்ச்சகர்கள் முறை மாறி வந்தாலும் பூஜை முறை மாறுவதில்லை. வீட்டிலும் அப்படி இருக்கலாம். இன்று அப்பத்தா, நாளை தாய், மறுநாள் தாத்தா என யார் உறங்கவைத்தாலும் வரிசை ஒன்றே என்று ஒருநாள் கூடி உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த முறை என்பதைத் தாய் தீர்மானிக்கட்டும். அம்முறை வழுவாமல் காக்கும் பொறுப்பை நாம் ஏற்போம். பொறுமையும் நேரமும் நம்மிடம்தானே இருக்கின்றன?

இன்றிரவே தொடங்கலாம். முதல் வேலையாக, உங்கள் நாவுக்கு உகந்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுங்கள். பேரன் பேத்திக்கு அதன் பொருள் இப்போது விளங்காது. ஆயினும் நாளை அவர்கள் வளர்ந்து, தம் மடியில் ஒரு குழந்தையைக் கிடத்தும்போது, எங்கே கற்றோம் என்று தெரியாமலே அந்தப் பாட்டு அவர்கள் நாவில் வரும். அன்று நாம் இருக்கமாட்டோம். நம் குரல் இருக்கும்.